பத்தொன்பது விழுக்காடு மிச்சம்

என் மின்சாரக் காருக்கு ஐந்து வருட வாரண்டி முடிந்து ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது சார்ஜ் ஏற மறுத்தது. முதல் நாள் மாலையே கேபிளைச் செருகி வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் ஒரு புள்ளி கூடவில்லை. பிடுங்கிச் செருகினேன். ஒரு நிமிடம் பச்சை விளக்கு எரிந்தது, பிறகு சிவப்பு. மறுபடி பிடுங்கி, மறுபடி செருகி, நடுவில் கையால் ஒரு தட்டுத் தட்டி, கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டு சீன ஆன்டி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவரிடம்தான் ஐந்து வருடமாக இந்தக் காரின் அருமை பெருமைகளை வேலி ஓரமாக நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் மட்டுமா சொன்னேன்? பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் மெஷினில் தாடையை வைத்துவிட்டால் எழுந்து ஓட முடியாது. அந்த நேரத்தில் அவர்களுக்கு மின்சாரக் காரைப் பற்றிப் பாடம் எடுப்பேன். பெட்ரோல் இல்லை, எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. கிள்ளான் வீட்டிலிருந்து கடைக்கு வந்து போகும் செலவு ஒரு கிளாஸ் தே தாரேக் டீக்குக்கூட ஆகாது என்று கொஞ்சம் கூட்டியே சொல்வேன். எனக்கு வாய் நீளம். அந்த வாய்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வெளியே போய் வேகச் சார்ஜரில் போட்டு ஓட்டினேன். வியாழக்கிழமை அதுவும் சிவப்பு காட்டியது. அதற்குமேல் அந்த வண்டிக்குள் இருக்கும் மின்சாரம் இறங்கத்தான் செய்யும், ஏறாது. கணக்குப் பார்த்து, ஷா ஆலம் பக்கம் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏர்கான், காப்பி, பிஸ்கட். தூடோங் முக்காடு அணிந்த ஒரு பெண் டேப்லெட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மலாயில் மிகப் பொறுமையாக விளக்கினார். பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி உண்டு, அது அப்படியே இருக்கிறது, அங்கிள் கவலைப்பட வேண்டாம். ஆனால் கெட்டது பேட்டரி இல்லை. சார்ஜ் கேபிளைச் செருகுகிற வாய்ப்பகுதி கருகியிருக்கிறது. ஈரம் இறங்கியிருக்கலாம். அந்த வாய், அதிலிருந்து உள்ளே போகும் ஒயர், உள்ளே இருக்கும் சார்ஜர் பெட்டி, மூன்றையும் ஒரு செட்டாகத்தான் மாற்றுவார்கள். தனித்தனியாக மாற்றும் வழக்கம் கம்பெனிக்கு இல்லை. இருபத்தோராயிரம் ரிங்கிட் ஆகும்.

"ஏழு வாரத்துக்கு முன்னாடி கெட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்படின்னா சும்மா மாத்தியிருப்போம் அங்கிள்," என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. கோபப்படக்கூட வழியில்லாமல் இன்னொரு பிஸ்கட் எடுத்துத் தின்றுவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது திரையில் இருபத்து நான்கு விழுக்காடு மிச்சம் காட்டியது.

என் மனைவி விலையைக் கேட்டாள். சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட கொண்டு போங்க."

நான்கு வருடமாக எங்கள் வீட்டில் சொல்லப்படாத சொல் அது.

அவளுடைய அண்ணனுக்கு மேருவில் லோரி பட்டறை இருக்கிறது. பெரிய தகரக் கொட்டகை. அம்மா அப்பா போன பிறகு என் மனைவிக்குத் தாய்வீடு என்றால் அதுதான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் குடும்பம் மொத்தமும் அங்கேதான் கூடும். லோரிகளைக் கழுவி, வாழை கட்டி, மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து சிவப்புத் துணியில் அடுக்கி வைத்திருப்பார் மச்சான். பூசை முடிந்ததும் சாப்பாடு. டிரைவர்கள், வாடிக்கையாளர்கள், சொந்தக்காரர்கள் என்று எழுபது எண்பது பேர் வருவார்கள். என் மனைவி முதல் நாளே போய்விடுவாள், அண்ணியோடு சேர்ந்து சுண்டல் தாளிக்க.

கார் வாங்கிய வருடம் அந்த லோரிகளுக்குப் பக்கத்தில் என் வண்டியையும் கொண்டுபோய் நிறுத்தினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் விடவில்லை, ஐந்து வருட வாரண்டியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் சந்தனத் தட்டோடு வந்து, லோரிக்குச் செய்வதுபோலவே, எஞ்சினுக்குப் பொட்டு வைக்க பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அவ்வளவுதான்.

"என்னா மாப்ள, உள்ள ஒண்ணுமே இல்லையே. எங்க பொட்டு வைக்கிறது?" என்றார். எழுபது பேரும் சிரித்தார்கள்.

கேலிதான். மச்சான் மாப்பிள்ளையைக் கேலி செய்யாமல் வேறு யார் செய்வது? ஆனால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"சிரிங்க மச்சான். இன்னும் பத்து வருசத்துல டீசல் லோரியே இருக்காது. இந்த ஷெட்ல நீங்க நாசி லெமாக் சோத்துப் பொட்டலம்தான் விக்கணும்."

அவருடைய வாடிக்கையாளர்கள் முன்னால், பூசைக்கு வைத்த அவருடைய சாமான்கள் முன்னால், ஆயுத பூசை அன்று சொன்னேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வெளியே வந்தது வந்ததுதான். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். அடுத்த வருடம் அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று நான் வீராப்பாக உட்கார்ந்திருந்தேன். "நீ மட்டும் போயிட்டு வாயேன்" என்று மனைவியிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன். "உங்கள விட்டுட்டுப் போனா நாலு பேரு கேக்க மாட்டாங்களா?" என்று அவளும் போகவில்லை. கிள்ளானுக்கும் மேருவுக்கும் எவ்வளவு தூரம்? அரை மணி நேரம்கூட இல்லை. நான்கு வருடம் போகவில்லை. நடுவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தோம். மச்சான் ஒரு கோடியில் உட்கார்ந்தார், நான் மறுகோடியில். என் மனைவி நடுவரிசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன் பிறகு ஆயுத பூசை எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. எங்கே பொட்டு வைப்பது என்று மச்சான் கேட்டாரே, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. யோசித்தேன். பெட்ரோல் வண்டிக்கு எஞ்சின் என்றால் இதற்கு எது உயிர்? மின்சாரம் போகிற வாய்தானே? அந்தச் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே வட்டத்தைச் சுற்றிச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதுபோல இருந்தது. ஒரு விஷயம் மட்டும் ஆச்சரியம். அந்தப் பொட்டு அழியவே அழியாது. மாதக் கணக்கானாலும் கேபிள் செருகும்போது விரலில் சிவப்பு ஒட்டும். நல்ல அசல் குங்குமம் என்று கடைக்காரரைப் புகழ்ந்திருக்கிறேன்.

"உங்க அண்ணன் டீசல் லோரி பாக்குறவரு. இதுல அவருக்கு என்னா தெரியும்?" என்றேன், அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம்.

"இப்ப இதையும் பாக்குறாராம். பாசார்ல காய் வாங்குறப்ப அண்ணியப் பாத்தேன், அவங்க சொன்னாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மேருவப் பத்திப் பேசினாலே மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவீங்க. எப்படிச் சொல்றது?"

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் கம்யூட்டர் ரயிலில் கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் ரயிலில் ஒரு குறையும் இல்லை. உட்கார இடம் கிடைத்தது, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கடை. இருந்தாலும் வாடிக்கையாளர்கள் சும்மா இருப்பார்களா? "என்னா பாஸ், எலக்ட்ரிக் கார்லதானே வருவீங்க?" என்று மெஷினில் தாடையை வைத்துக்கொண்டே கேட்டார்கள். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, "வாரண்டி போன எலக்ட்ரிக்க யாரு பாஸ் எடுப்பா?" என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிள் இரண்டு வாங்கலாம். அவரை அனுப்பிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். ஓட்டாமல் நின்ற இடத்திலேயே இருபத்து நான்கு பத்தொன்பதாகி இருந்தது.

இருபத்தோராயிரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கடையை வைத்துக் கடன் வாங்கினால் கட்ட முடியாத தொகை இல்லை. மேருவுக்குப் போனால் அந்தக் கொட்டகைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டும். எனக்கு அதுதான் பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது. போய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இதுவரை "என்றைக்காவது சரியாகிவிடும்" என்று என் மனைவி நம்பிக்கொண்டிருக்கலாம். அந்த நம்பிக்கையும் போய்விடும். அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தனியாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று சாவியை எடுத்தேன். வாசலில் என் மனைவி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மூடி போட்ட டப்பாவில் கேசரியோடு நின்றாள். நான் எங்கே போகிறேன் என்று சொல்லவே இல்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"பத்தொன்பது இருக்குல்ல? போதும், எடுங்க."

வழி முழுக்க ஏர்கானை அணைத்து ஓட்டினேன். அவள் டப்பாவை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பட்டறையில் மச்சான் ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தார். செருப்பு மட்டும் தெரிந்தது. நான் வண்டியை நிறுத்தியதற்குச் சத்தமே இல்லை, அதனால் அவர் திரும்பவில்லை. என் மனைவிதான் இறங்கிப் போய், "அண்ணே" என்றாள். செருப்புகள் அசையாமல் நின்றன. பிறகு அவர் வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்.

"வாரண்டி முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு மச்சான்."

"அஞ்சு வருசம்னு நீதானே சொன்ன. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். அது முடியிற வரைக்கும் நீ இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் லா."

சிரிக்கவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. கை கழுவிக்கொண்டு வந்து வண்டியை உள்ளே விடச் சொன்னார். கொட்டகையின் ஒரு மூலையில் மஞ்சள் கோடு போட்டுத் தனி இடம் ஒதுக்கியிருந்தார். சுவரில் கனமான ரப்பர் கையுறைகள் தொங்கின. அதற்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று சான்றிதழ். மின்சார வாகனப் பயிற்சி, முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. அவருடைய வயதில், சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார். முதல் சான்றிதழின் தேதியைப் பார்த்தேன். நான் நாசி லெமாக் பேச்சுப் பேசிய அடுத்த வருடம்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "அன்னைக்கு நீ சொன்னது ரொம்பச் சுட்டுச்சு மாப்ள. பொய்யா இருந்தா போடான்னு விட்டிருப்பேன். பொய்யின்னு சொல்ல முடியல. அதான் கோவம்," என்றார்.

என் வாய் நீளம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. "தப்பு என்மேலதான் மச்சான். அத்தனை பேரு முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் "சரி சரி" என்று கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முதலில் வண்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். டீசலில் ஊறிய அந்தக் கைகள் எவ்வளவு நிதானமாக வேலை செய்தன என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சார்ஜ் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். கருகியிருந்த இடத்தை மூக்கருகே வைத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"என்னா இது, சந்தன வாசம் வருது?"

பல்குத்தும் குச்சியால் ஒரு ஓட்டையைச் சுரண்டினார். கல்லாகிப் போன பொடி, சிவப்பும் மஞ்சளுமாக, படை படையாக உதிர்ந்தது. கேபிளின் முனை உள்ளே ஒழுங்காகப் பதியாமல், ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி உருகியிருக்கிறது.

"யாரு இதுக்குள்ள பொட்டு வச்சது?"

என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "நான்தான் மச்சான். ஆயுத பூசைக்கு," என்றேன்.

"வருசத்துக்கு ஒரு தடவ வச்சா இவ்ளோ சேராதே மாப்ள."

"நான் கொஞ்சம் தாராளமா வப்பேன்," என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், கையுறையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க பொட்டு வைக்கிறதுன்னு கேட்டேன், நீ போயி வாயில வச்சிருக்க!" நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. கேசரி டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

உள்ளே இருக்கும் சார்ஜர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சோதித்துச் சொன்னார். வாயையும் ஒரு முழம் ஒயரையும் மாற்றினால் போதும். மோதிக் கெட்டுப்போன வண்டிகளை அறுத்துச் சாமான் விற்கும் கடைகள் மேருவில் உண்டு. அங்கே தேடி, என் வண்டி மாதிரியே ஒன்றிலிருந்து எடுத்துவந்தார். ஐந்து நாள் ஆனது. சர்வீஸ் சென்டர் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. கூலியை முழுசாகவே வாங்கிக்கொண்டார். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வண்டியை எடுக்கப் போன அன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பானெட்டின் வெளியே ஒரே ஒரு பொட்டு வைத்தார். "இங்க மட்டும்தான். உள்ள ஊட்டி விடாதே," என்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "பூசைக்கு முதல் நாளே வந்துரு பாப்பா. உங்க அண்ணி தாளிக்கிற சுண்டல வாயில வைக்க முடியல," என்றார். அண்ணி அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரே உற்சாகம். ஏர்கானை முழுசாகப் போட்டேன். எண்பது விழுக்காடு இருந்தது. "வருசத்துக்கு ஒரு தடவ வச்ச பொட்டு இந்தப் பாடு படுத்துமா? உங்க அண்ணன் சும்மா பெருசு பண்றாரு," என்றேன்.

"நீங்க வச்சது ஒண்ணுமில்ல," என்றாள் என் மனைவி. "நான் வச்சதுதான்."

"நீயா? எப்ப?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. காலைல விளக்கேத்திட்டு, நிலைப்படிக்கு வச்சிட்டு, அண்ணன நெனச்சுக்கிட்டு அங்கயும் வப்பேன். நீங்க வச்ச எடத்துலதானே நானும் வச்சேன்."

நான்கு வருட வெள்ளிக்கிழமைகள். நான் குளித்துக்கொண்டிருந்திருப்பேன், அல்லது போனைப் பார்த்துக்கொண்டு பசியாறிக்கொண்டிருந்திருப்பேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற நான், என் வீட்டு வாசலில் அவள் குனிந்து நிற்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்குக் கோபமும் வந்தது, மறைக்க முடியாது.

"கரண்டு போற எடத்துல போயி வாரா வாரம் சந்தனத்த அப்பினா வண்டி கெட்டுப் போகாதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேரு ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னா, வண்டிக்காகவா வச்சேன்?"

விளக்கு பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த லோரிக்காரர் இரண்டு தடவை ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.